பிடுங்க ஏலாத பூ

1

“பூ எண்ணுறதுக்கோ பிள்ளை உன்னை இவ்வளவு பாடுபட்டுப் படிப்பிச்சவை?”

பவளம் அன்ரி இதைக் கேட்டது போன தை மாதம், அவருடைய பேத்தியின் பிறந்தநாள் விழாவில். ஸ்ரௌவ்வில்லில் அவர்கள் வாங்கியிருக்கும் புது வீட்டின் வரவேற்பறையில், கையில் ரோல்ஸ் தட்டோடு, நாலு பேர் கேட்கத்தான் கேட்டார். நாங்கள் கனடாவுக்கு வந்த முதல் ஐந்து வருடங்களும் வெக்ஸ்போர்ட்டில் அவர்களுடைய பழைய வீட்டின் பேஸ்மென்ரில்தான் குடியிருந்தோம். எனக்கு முதன்முதலாகக் குளிர்ச்சட்டை வாங்கித் தந்தவர் அவர். அந்த உரிமையில் அவர் என்னை என்னவும் கேட்கலாம், நான் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். இது எங்களுக்குள் எழுதாத ஒப்பந்தம்.

“மருந்துக்கடையிலை நிக்கிறாய், வெள்ளைக் கோட்டுப் போடுறாய், பாக்க நல்லாக் கிடக்கு. அதை விட்டுப்போட்டு ஆரும் இல்லாத தீவிலை போய்க் குந்தியிருந்து பூ எண்ணப் போறியாம். அதென்ன பூ, தங்கத்திலையோ பூக்குது?”

“மஞ்சள்தான் அன்ரி,” என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. சோபாவின் விளிம்பில், எழும்பச் சொன்னால் உடனே எழும்பிவிடலாம் என்பதுபோல அவர் எப்போதும் இருக்கும் இருப்பில் இருந்தபடி, “எண்ணத் தெரிஞ்சவைதானே எண்ணலாம்,” என்று மட்டும் சொல்லிவிட்டு ரோல்ஸைக் கடித்தார்.

ஊரிலிருந்து இதை வாசிக்கும் உங்களுக்கும் பவளம் அன்ரியின் கேள்வி வந்திருக்கும். ஆகவே சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோவுக்கு வடமேற்கே, நாலைந்து மணி நேரம் கார் ஓடி, பிறகு இரண்டு மணி நேரம் கப்பலில் போனால் மனிற்றூலின் என்ற தீவு வரும். கடலில் இல்லை, ஏரிக்குள் இருக்கும் தீவு. அதன் தெற்குக் கரையில் மண்ணே இல்லாத சுண்ணாம்புக்கல் தளம் வெறுமையாகக் கிடக்கிறது. காற்று ஒருநாளும் ஓயாது. அந்தக் கல்லின் வெடிப்புகளில், விரல் நீளத் தண்டில், ஒரு தண்டுக்கு ஒரு பூவாக, ஏரிக்கரை டெய்சி என்ற மஞ்சள் பூ பூக்கிறது. உலகத்தில் இந்தப் பெரிய ஏரிகளைச் சுற்றிய சில இடங்களில் மட்டும்தான் அது இருக்கிறது. வருடத்தில் ஒன்றிரண்டு கிழமைதான் பூத்து நிற்கும். அது கூடுகிறதா குறைகிறதா என்று யாராவது எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

போன வருடம் ஒரு சிறு இயற்கை ஆர்வலர் குழுவோடு சேர்ந்து, சம்பளமில்லாமல், மூன்று நாள் எண்ணினேன். இந்த வருடம் அந்தக் குழு கோடை முழுவதும் தீவில் தங்கி வேலைசெய்ய ஒருவரைச் சம்பளத்துக்கு எடுக்கப்போவதாக அறிவித்தது. ஒரே ஒருவர். அந்த ஒருவராக நான் இருக்க வேண்டும் என்று, பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தபோதுகூட ஆசைப்படாத அளவுக்கு, ஆசைப்பட்டேன்.

2

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய், முடித்து, வெளியே வந்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் கழுத்து நிமிர்கிறது. நிமிரட்டும். அம்மாவும் அப்பாவும் மற்றவர்களின் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு நின்றவர்கள். அம்மாவை ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார்களாம். அடுத்த நாள் புல்லுப் பிடுங்க ஆள் காணாது என்று தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்களாம். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தைப் பற்றி யாரும் கதைக்கவில்லை.

பதினொரு வயதில் இங்கே வந்திறங்கியதிலிருந்து வீட்டின் கண் நான்தான். அரசாங்கக் கடிதம், வாடகைப் பத்திரம், மருந்துப் போத்தலின் சீட்டு, தங்கச்சி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் தந்த பதினெட்டுப் பக்கப் படிவம் எல்லாவற்றையும் நான்தான் வாசித்தேன். ஆங்கிலம் எனக்கே பாதிதான் விளங்கிய காலம் அது. ஒருமுறை ‘டிபென்டன்ற்’ என்ற சொல்லுக்கு நேரே அப்பாவின் பெயரை எழுதிவிட்டேன். அதாவது அப்பா என்னில் தங்கியிருக்கிறாராம். அலுவலகத்திலிருந்த பெண் கடைசிவரை சிரிக்காமல் அதைத் திருத்தித் தந்தாள். வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா, “உண்மையைத்தானே எழுதியிருக்கிறாய்,” என்றார்.

அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்கமுன்னர் அதை முழுவதும் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். அவசரம் என்று சொல்ல முடியாது. “நீ வாசி. நான் கேக்கிறன்,” என்பார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். இடையில் எங்கேயாவது நான் ஒரு வரியைத் தாண்டினால் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார்.

தங்கச்சி அக்ஷிக்கு இதெல்லாம் தெரியாது. அவள் இங்கே பிறந்தவள், வயது பதின்மூன்று. அவளுக்கு வீட்டில் யாரும் எதையும் வாசிக்கச் சொல்வதில்லை. அந்த வேலைக்கு ஏற்கெனவே நான் இருக்கிறேன். தமிழ் அவளுக்கு விளங்கும். பேசும்போது மட்டும் ஆங்கிலத்தில் யோசித்து, பையில் கைவிட்டுச் சில்லறை தேடுவதுபோலத் தமிழ்ச் சொற்களைத் தேடி எடுத்து வைப்பாள்.

3

மே மாத நீண்ட வார இறுதியில் வேலைக்கு விண்ணப்பித்த மூன்று பேரையும் தீவுக்கு வரச்சொல்லியிருந்தார்கள். ஆளுக்கொரு துண்டு நிலம் தந்து, தனியாக எண்ணச் சொல்லிப் பார்ப்பார்கள். பேட்டி என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் அதுதான் பேட்டி.

“தனிய விடமாட்டன்,” என்றார் அம்மா.

“அம்மா, எனக்கு இருபத்துநாலு வயசு.”

“வயசைப் பற்றி ஆர் கதைச்சது. ஆளில்லாத இடம் எண்டு நீதானே சொன்னனீ.”

அம்மா வந்தால் அக்ஷியும் வரத்தான் வேண்டும். அப்பாவுக்கு உணவகச் சமையலறையில் சனி ஞாயிறுதான் அதிக வேலை. குழுவின் தலைவி ஜோனிடம் கேட்டேன். குடும்பத்தோடு வரலாம், ஆனால் எண்ணும் இடத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்று பதில் எழுதியிருந்தார். ஜோனுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். முப்பது வருடமாக அந்தப் பூக்களின் பின்னால் திரிபவர். தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார்.

கப்பலின் மேல்தட்டில் அம்மா சால்வையைத் தலையோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இது என்ன கடல்?”

“கடல் இல்லை அம்மா. ஏரி.”

“கரையே தெரியேல்லை, ஏரியாம். உப்பில்லையோ?”

“இல்லை.”

கம்பியில் சாய்ந்து தண்ணீரை எட்டிப் பார்த்தார். “உப்பில்லாத இவ்வளவு தண்ணியையும் சும்மா விட்டு வைச்சிருக்கினம்,” என்றார். வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டியவரின் மனக்கணக்கு அது. அக்ஷி வாய்விட்டுச் சிரித்தாள். கப்பல் ஏறியதிலிருந்து அவள் கைபேசியை விட்டு நிமிர்ந்தது அப்போதுதான்.

இரவு தங்கிய விடுதி அறையில் புகை மணி இருக்கும் என்று தெரிந்து, அம்மா பற்றரியில் எரியும் குட்டி விளக்கு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். காலையில் குளித்துவிட்டு வந்து, காரின் முன்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்னப் பிள்ளையாருக்கு முன்னால் அதை வைத்துக் கும்பிட்டார்.

“ஒரு பூக்கூட இல்லை,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது. கேட்டும் நான் ஒன்றும் நினைக்கவில்லை. என் எண்ணமெல்லாம் கல்லில் இருந்தது.

4

பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை உண்டு. இங்கே வளரும் செடிகள் சட்டத்தால் காக்கப்பட்டவை, எதையும் பிடுங்கவோ தோண்டவோ கூடாது, வெறும் கல்லில் மட்டும் நடக்கவும் என்று அதில் எழுதியிருக்கும். போன வருடம் அதை நான் நின்று வாசித்தேன். இந்த வருடம் நிற்கவில்லை. தோளில் சதுரச் சட்டமும் கையில் கயிறும் எழுதும் அட்டையுமாக, ஜோன் எனக்குக் காட்டிய இடத்தை நோக்கி வேகமாக நடந்தேன். பின்னால் அம்மாவும் அக்ஷியும் வந்தார்கள்.

மரங்கள் முடிந்து கல் தொடங்கியதும் காற்று முகத்தில் அறைந்தது. சாம்பல் நிறக் கல், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மட்டமாக. அதன் வெடிப்புகளெல்லாம் மஞ்சள். ஒவ்வொரு பூவும் காலைச் சூரியன் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காற்றில் தலையை ஆட்டியபடி, ஒன்றும் முறியாமல் நின்றது.

அம்மா குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்தார். “உது சுண்ணாம்புக் கல்லெல்லோ,” என்றார். பிறகு நிமிர்ந்து பூக்களைப் பார்த்தார். “செவ்வந்தி மாதிரிக் கிடக்கு. ஆர் நட்டது?”

“ஒருத்தரும் நடேல்லை. தானாத்தான் வருது.”

“ஆரும் தண்ணி விடுறேல்லையோ?”

“இல்லை.”

“கெட்டிக்காரப் பூ,” என்றார் அம்மா.

வேலை இதுதான். கயிற்றை நேராகப் பிடித்துக் கட்டி, ஐந்தைந்து அடிக்கு ஒருமுறை ஒரு மீற்றர்ச் சதுரச் சட்டத்தைக் கல்லில் வைக்க வேண்டும். சட்டத்துக்குள் எத்தனை பூ, எத்தனை பூக்காத செடி என்று எண்ணி எழுத வேண்டும். முழந்தாளில் இருந்துதான் எண்ண முடியும். எண்ணி முடித்ததும் ஒருமுறை மறுபக்கமிருந்து எண்ண வேண்டும். இரண்டு எண்ணும் ஒத்துவந்தால்தான் எழுதலாம். நான்காவது சட்டத்தில் இருபத்தேழு பூ. மறுபக்கம் போய் எண்ணத் தொடங்கியிருந்தேன். அம்மாவும் அக்ஷியும் நான் முதலில் இருந்த பக்கத்தில் நின்றார்கள். காற்று அவர்கள் பேச்சைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்தது.

“அம்மா, பூ பிடுங்க ஏலாது.”

“ஏன் ஏலாது?”

“ஏலாது அம்மா. போர்ட்டிலை இருக்கு.”

“பூப் பிடுங்க ஏலாதெண்டு போர்ட்டிலை எழுதுவினமே? விசர்க் கதை. இந்தா, பிடுங்கிப்போட்டன்.”

நான் நிமிர்ந்தேன். அம்மாவின் கையில் பூ இருந்தது. சாமிக்கு வைக்கும் பூவை எப்படிப் பிடிப்பார்களோ அப்படி, மூக்குக்கு எட்டாத தூரத்தில், இரண்டு விரல்களால் தண்டைப் பிடித்திருந்தார். முகத்தில் ஒரு சின்ன வெற்றிச் சிரிப்பு. பிள்ளை முடியாது என்ற ஒன்றைச் செய்து காட்டிய சிரிப்பு.

5

“அம்மா, என்ன செய்தனீங்கள்.”

“சாமிக்கு ஒண்டுதானே. மற்றதெல்லாம் நிக்குது.”

என் முகத்தைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பு போய்விட்டது. நான் சொன்னேன். இது சட்டத்தால் காக்கப்பட்ட பூ, பிடுங்கினால் குற்றம், ஒரு பூ போனால் அந்தச் செடிக்கு இந்த வருடம் விதை இல்லை, இதை எண்ணத்தான் என்னை இங்கே விட்டிருக்கிறார்கள், அந்த வேலையைத் தருவதா இல்லையா என்று பார்க்கத்தான். சொல்லச் சொல்ல என் குரல் உயர்ந்துகொண்டே போனதை நானே கேட்டேன். அம்மாவோடு நான் அப்படிப் பேசியதில்லை.

அம்மா மெல்லக் குந்தி, பிடுங்கிய தண்டை அந்த வெடிப்பிலேயே நட்டு, சுற்றிவரச் சிறு கல் வைத்து நிமிர்த்திவிட்டார். கையை எடுத்ததும் காற்று அதைச் சரித்தது. மறுபடியும் நிமிர்த்தினார். மறுபடியும் சரிந்தது. மூன்றாம் முறை நான் அவருடைய கையைப் பிடித்தேன்.

“நான் சொன்னனான்,” என்றாள் அக்ஷி. கண் நிறைந்திருந்தது. “ஐ டோல்ட் ஹெர், அக்கா. ரெண்டு தரம் சொன்னனான். ஏலாது, ஏலாது எண்டு.”

“ஏலாதெண்டுதான் சொன்னவள்,” என்றார் அம்மா. “எனக்குப் பிடுங்கக் கையிலை பலமில்லை எண்டு நினைக்கிறாளாக்கும் எண்டு நான் நினைச்சன்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அக்ஷி பலகையை வாசித்திருக்கிறாள். ஆங்கிலத்தில் முடியாததற்கும் செய்யக்கூடாததற்கும் சின்னப் பிள்ளைகள் ‘கான்ற்’ என்ற ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள். அந்த ஒரே சொல்லுக்கு அவள் தன் பையில் தேடி எடுத்த தமிழ் ‘ஏலாது’. கூடாது என்ற சொல் அவளிடம் இல்லை.

ஏன் இல்லை என்று இப்போது பல நாட்களாக யோசிக்கிறேன். ஏலாது என்ற சொல்லை அவள் அம்மாவிடமிருந்தே படித்திருக்கிறாள். பொதியிடும் தொழிற்சாலையில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது அம்மா தினமும் சொல்வது அதைத்தான்: “இண்டைக்கு ஏலாது பிள்ளை.” ஆனால் அவளை ஒன்றைச் செய்யாதே என்று தடுக்கும்போது மட்டும் அம்மா தமிழில் தடுப்பதில்லை. இங்கே பிறந்த பிள்ளை ஆங்கிலத்தில் சொன்னால்தான் கேட்கும் என்று எண்ணி, தனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில், “நோ, நோ” என்பார். என்னை வளர்த்தபோது நூறு தரம் சொன்ன ‘கூடாது’ அவளுடைய காதில் விழவே இல்லை.

அக்ஷி வாசித்துவிட்டு வேறு சொல்லைச் சொன்னாள். அம்மாவுக்கு வாசிக்க முடியாது. மூன்று பேரில், அந்தப் பலகையை வாசித்துச் சரியான சொல்லில் சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆள் நான். பதின்மூன்று வருடமாக வீட்டின் எல்லாத் தாளையும் வாசித்தவள், ஒரு பலகையைத் தாண்டி நடந்துபோய்விட்டேன்.

6

பிற்பகல் நாலு மணிக்கு, எண்ணிய தாள்களை ஜோனிடம் கொடுக்க வேண்டும். காருக்குள் இருந்து எழுதினேன். காற்றில் கார் மெல்ல ஆடியது. அம்மா முன்பக்கத்தில், அக்ஷி பின்னால். பூ அம்மாவின் மடியில், மடித்த கைலேஞ்சித் துணிக்குள். பிள்ளையாருக்கு முன்னால் வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

தாளின் அடியில் ஒரு பெட்டி இருந்தது. இடத்துக்கு ஏதாவது பாதிப்பு நடந்திருந்தால் எழுதவும்.

படிவங்களைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. எந்தப் பெட்டியை வெறுமையாக விட்டால் கேள்வி வராது, எந்தப் பெட்டியில் மூன்று சொல்லோடு நிறுத்தலாம் என்றெல்லாம் பதினொரு வயதிலிருந்து படித்திருக்கிறேன். வெறுமையாக விட என் பெருமை இடம்தரவில்லை. ஆகவே ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி எழுதினேன். பொய் ஒன்றும் இல்லாத வரி.

“என்ன எழுதினனீ?” என்றார் அம்மா.

“நடந்ததைத்தான்.”

“வாசி.”

“இது உங்கடை தாளில்லை அம்மா. நீங்கள் கையெழுத்து வைக்கிறேல்லை.”

“வாசி, கேப்பம்.” கண்ணை மூடிக்கொண்டார்.

“நாலாவது சட்டத்துக்குள்ளை ஒரு பூ பிடுங்கப்பட்டிருந்தது.”

அம்மா கண்ணைத் திறந்தார். “பிடுங்கப்பட்டிருந்ததோ? அதென்ன கதை. ஆர் பிடுங்கினது?”

“அதை இதிலை கேக்கேல்லை.”

“கேக்காட்டி? உனக்குத் தெரியுமெல்லோ.”

ஆங்கிலத்தில் எழுதியபோது அது ஒழுங்கான வாக்கியமாகத்தான் இருந்தது. அறிக்கைகள் எல்லாம் அப்படித்தான் எழுதப்படுகின்றன. தமிழில் வாய்விட்டுச் சொன்னதும் அதற்குள் ஒரு ஆள் ஒளிந்திருப்பது காருக்குள் இருந்த மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது.

“உங்கடை பேரைப் போட்டா எனக்கு இந்த வேலை கிடையாது அம்மா.”

அம்மா கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். “அப்ப போடாதை,” என்றார்.

நான் தாளை மடிக்கத் தொடங்கினேன்.

“இண்டைக்கு அந்தப் பக்கம் வேறை ஆர் வந்தது?” என்று கேட்டார்.

“ஒரு வயசான சோடி. நாயோடை.”

“அந்த மனுசன் எனக்குக் குட் மோர்னிங் சொன்னவர்.” முன்னால் இருந்த பிள்ளையாரைப் பார்த்தார். “ஆரெண்டு நீ போடாட்டி அவையிலையெல்லோ விழும்.”

“அவையின்ரை பேர் ஒருத்தருக்கும் தெரியாது அம்மா. ஒண்டும் நடக்காது.”

“ஒண்டும் நடக்காதுதான்.” கைலேஞ்சியை மடியில் ஒருமுறை திருப்பி வைத்தார். “எண்டாலும் உன்ரை தாளை வாங்கிற மனுசி அதைப் பாத்திட்டு, நாயோடை வந்த சனம்தான் எண்டு நினைப்பா. நீ பக்கத்திலை நிண்டுகொண்டு ஓம் எண்ட மாதிரி இருக்கவேணும். உனக்கு அது ஏலுமோ?”

பின்னாலிருந்து அக்ஷி மெதுவாக, “ஜஸ்ற் ரைற் இற், அக்கா,” என்றாள்.

அந்த வரியை வெட்டிவிட்டு எழுதினேன். பூவைப் பிடுங்கியவர் என் அம்மா. பலகையை அவருக்கு நான் வாசித்துச் சொல்லவில்லை. பெட்டி போதவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில், தமிழில் முடியாது என்பதற்கும் செய்யக்கூடாது என்பதற்கும் வேறு வேறு சொல் உண்டு, என் தங்கச்சிக்கு ஒன்றுதான் தெரியும் என்று எழுதினேன். பிறகு முழுவதையும் வாசித்துக் காட்டினேன்.

“இப்ப சரி,” என்றார் அம்மா. “அவளைப் பற்றி எழுதினது மட்டும் வெட்டு. சின்னப்பிள்ளை.”

“வேண்டாம், விடுங்கோ,” என்றாள் அக்ஷி.

ஜோன் தாளை நின்றபடியே வாசித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் வாசித்தார். பிறகு என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்து, எந்தச் செடி என்று கேட்டார். நான் மொழிபெயர்க்க முன்னரே அம்மா விளங்கிக்கொண்டார். முன்னால் நடந்தார். காலையில் கண்டபடி மிதித்தவர், இப்போது வெறும் கல்லாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். நூற்றுக்கணக்கில் ஒரே மாதிரி நிற்கும் செடிகளில் ஒன்றின் அருகே குந்தி, “இது,” என்றார். தலை இல்லாத தண்டின் அடி அங்கே நின்றது. ஜோன் அந்த வெடிப்பின் ஓரத்தில் ஒரு சின்ன இலக்கத் தகடு வைத்தார்.

பூ எங்கே என்று கேட்டார். அம்மா கைலேஞ்சியை விரித்தார். காய்ந்து சுருங்கியிருக்கும் என்று நினைத்தேன். வாடாமல் அப்படியே இருந்தது. ஜோன் அதை ஒரு கடித உறைக்குள் வைத்து, மேலே இடமும் நாளும் எழுதிவிட்டு, அம்மாவின் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டார். ஆய்வுக்கூடத்தில் வைக்கும் காய்ந்த செடி ஒவ்வொன்றுக்கும் அதைப் பறித்தவரின் பெயர் இருக்க வேண்டுமாம். நான் எழுத்துக்கூட்டினேன். மகேஸ்வரி.

“என்ரை பேரை ஏன் எழுதுறா?” அம்மா என் கையைப் பிடித்தார். “பொலிசுக்கோ?”

“இல்லை அம்மா. அலுமாரிக்குள்ளை வைக்கப்போகினம். உங்கடை பேரோடை.”

அம்மா அந்த உறையைப் பார்த்தார். “சாமிக்கு எடுத்தது அலுமாரிக்குப் போகுது,” என்றார்.

ஜோன் என்னிடம் சொன்னது இரண்டே வாக்கியம். “இதை மேலே அறிவிக்க வேண்டியது என் கடமை. வேலை பற்றிப் பத்து நாளில் சொல்வோம்.”

7

பத்தாவது நாள் அழைப்பு வந்தபோது மருந்துக்கடையின் பின்னறையில் பெட்டி உடைத்துக்கொண்டிருந்தேன். வேலையை வேறொருவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். பூவுக்காக இல்லை என்றார் ஜோன். ஒரு பூப் பிடுங்கியதற்காக எவரையும் தள்ளிவைப்பதில்லையாம். எண்ணும் இடத்துக்குள் ஆட்களைக் கூட்டிவந்தேன், என்ன செய்யலாம் என்ன செய்யக்கூடாது என்று அவர்களுக்கு முதலில் சொல்லவில்லை. அங்கே தனியாக நிற்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான். அதில் பிழைவிட்டேன். அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னார்.

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. அதனாலேயே கூடுதலாக வலித்தது. உண்மையை எழுதினால் ஏதாவது கிடைக்கும் என்று எனக்குத் தெரியாமலே உள்ளுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்திருக்கிறேன். பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதேன். பிறகு முகம் கழுவிவிட்டு வந்து, வரிசையில் நின்ற ஒரு பெரியவருக்கு மருந்தைக் கொடுத்து, சாப்பாட்டுக்குப் பிறகுதான் எடுக்க வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னேன்.

வீட்டில் சொன்னபோது அம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்தார்.

“என்னாலை.”

“இல்லை. நான் வாசிச்சுச் சொல்லேல்லை.”

“நான் கேட்டிருக்க வேணும். எல்லாத்துக்கும் வாசி வாசியெண்டு உயிரை எடுக்கிறனான், அண்டைக்கு மட்டும் கேக்கேல்லை.” கத்தியை மறுபடி எடுத்து, “உனக்குப் பின்னாலை வரேக்கை எனக்குப் பயமே வரேல்லை பிள்ளை. அதாலைதான் கேக்கேல்லை,” என்றார்.

பக்கத்தில் இருந்து நானும் கத்தரிக்காயை வெட்டினேன். இரண்டு பேர் வெட்டும் அளவுக்கு அதில் வேலை இல்லை.

மூன்று நாள் கழித்து ஜோனை நானே அழைத்தேன். ஜூன் கடைசியில் விதை எண்ண ஆட்கள் தேவைப்படுவார்கள் என்று போன வருடம் கேள்விப்பட்டிருந்தேன். சம்பளமில்லாத வேலை. உச்சி வெயிலில், நுளம்புக் கடியில், காய்ந்த தலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ண வேண்டும். அதற்கு யாரும் லேசில் வரமாட்டார்கள். வரலாமா என்று கேட்டேன். வா என்றார். என்னோடு இரண்டு பேரைக் கூட்டிவரலாமா என்று கேட்டேன். இந்த முறை யார் யார், அவர்களுக்கு என்ன சொல்லிக் கூட்டிவருவேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மறுமுனையில் காற்று இரைந்தது. தீவில்தான் நின்றிருக்கிறார். “உன் அம்மாவின் கண் நல்ல கண்,” என்றார் ஜோன்.

அம்மா தொழிற்சாலையில் லீவு கேட்டுவிட்டார். எதற்கு என்று மேற்பார்வையாளன் கேட்டானாம். யாரையும் மொழிபெயர்க்கக் கூப்பிடாமல், “ஐ கோ கவுண்ட் சீட்,” என்று தானே சொன்னாராம். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லையாம், ஆனால் லீவு தந்துவிட்டானாம். அக்ஷி வெயில் தொப்பி மூன்று வாங்கி வைத்திருக்கிறாள். ஒன்று கடும் ஊதா. அதை யார் போடுவது என்று இன்னும் தீரவில்லை.

மருந்துக்கடையில் எனக்கும் நாலு நாள் விடுமுறை கிடைத்திருக்கிறது. நேற்று மாலை, வேலை முடிந்து லோரன்ஸ் பஸ்ஸில் வரும்போது, கைபேசியில் கப்பல் பயணச்சீட்டு எடுத்தேன். ஜூன் கடைசி வெள்ளி, காலைக் கப்பல். ஒரு கார், மூன்று பேர்.